மேற்பூச்சு

சென்ற ஆண்டு மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரைமணி நேரத்திற்குள், என் காரின் ஓட்டுநர் இருக்கையை நான் பாழாக்கினேன். மிகுந்த அக்கறையுடன் செய்த காரியம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார் புதிதல்ல. ஏழு வருடங்கள் வேறொருவரிடம் ஓடிய பின் என்னிடம் வந்தது. எஞ்சினைப் பார்த்தோ மைலேஜைப் பார்த்தோ அதை வாங்கவில்லை என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். உள்ளே தோல் இருக்கைகள் இருந்தன, அதுதான் காரணம். மணல் நிறம். சிறு கூழாங்கற்களை நெருக்கி அடுக்கியது போன்ற மேடுபள்ளங்கள் கொண்ட பரப்பு. அந்தப் பள்ளங்களில் ஏழு வருடம் படிந்திருந்தது. தலை சாயும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. தொடை அழுந்தும் இடத்தில் ஜீன்ஸ் துணியிலிருந்து இறங்கிய நீலம். ஏறி இறங்கும்போது உடம்பு உராயும் வலது விளிம்பில் வியர்வையும் தூசியும் சேர்ந்து இறுகிய ஒரு கரும்பளபளப்பு. பழைய கார்களின் தோல் இருக்கை பளபளத்தால் அதை மெருகு என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது அழுக்கு. புதிதில் அந்தப் பரப்பு மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

கடைகளில் வெள்ளை நிறப் பஞ்சுக்கட்டி ஒன்று விற்கிறார்கள். சுவரில் குழந்தைகள் கிறுக்கியதை அழிப்பதற்கானது. அதை நீரில் நனைத்து வலது விளிம்பில் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாயிற்று. அலசிவிட்டு மீண்டும் தேய்த்தேன், மீண்டும் பழுப்பு. எவ்வளவு அழுக்கு, முந்தைய உரிமையாளர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்றெல்லாம் வியந்தபடி நான்காவது முறை அலசும்போதுதான், வந்துகொண்டிருப்பது அழுக்கல்ல, இருக்கையின் நிறமே என்பது உறைத்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழுந்துவிட்டிருந்தது. கூழாங்கற்களின் தலைகள் மட்டும் வெளுத்திருந்தன. அவற்றுக்கு இடையிலிருந்த பள்ளங்களில் அழுக்கு அப்படியே இருந்தது. ஒரு துண்டை விரித்து மூடிவைத்தேன்.

அப்பா ஜூன் முதல் வாரத்தில் வாணியம்பாடியிலிருந்து வந்தார். இரண்டு கண்களிலும் புரை. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் அறுவைசிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டதால் எங்களுடனேயே தங்கும்படி ஆயிற்று. நான் சென்னைக்கு வந்து இருபது வருடங்களாகின்றன. அவர் சேர்ந்தாற்போல் பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தது அதுவே முதல்முறை. மூன்றாம் நாள் காலை அவரைக் காணவில்லை. கீழே போய்ப் பார்த்தால், கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துண்டை விலக்கிவிட்டு, குனிந்து நின்று அந்தத் திட்டின்மேல் நடுவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா போட்டுத் தேய்ச்சே?"

"பஞ்சுதாம்பா."

"பஞ்சு இல்ல. உப்புத்தாளு." விரலை எடுக்காமலே சொன்னார். "அழுக்கு பள்ளத்துல கீது. நீ மேட்டைத் தேய்ச்சிக்கிற."

அவர் சொன்னது சரி. அந்த வெள்ளைக் கட்டி மெலமைன் நுரை. கையில் மென்மையாக இருந்தாலும் மிக நுண்ணிய அராவும் பொருள் அது. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா படிக்கவில்லை. விரலால் கண்டுபிடித்தார்.

அப்பா 1974 முதல் 2008 வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, ஒரே இடத்தில் வேலை பார்த்தவர். தோல் பதனிடும் தொழிற்சாலை என்று வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் யாரும் சொல்வதில்லை. தோல் ஷாப்பு. அதில் அவர் இருந்தது ஃபினிஷிங் பகுதி. சுண்ணாம்புத் தொட்டி, முடி நீக்குவது, சதை சீவுவது, குரோம் உப்பில் சுழலும் பெரிய மர டிரம் ஆகிய ஈர வேலைகளெல்லாம் முடிந்து, தோல் காய்ந்து, அட்டைபோல் விறைத்து வந்தபின் தொடங்கும் வேலை அது. முதலில் கையில் பேடு பிடித்து நிறம் பூசுபவராகச் சேர்ந்தார். பிறகு ஸ்ப்ரே. கடைசிப் பன்னிரண்டு வருடங்கள் கலர் மாஸ்டருக்கு அடுத்தவர். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் கையகலத் துண்டுத் தோலைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து தர வேண்டும். அந்தக் கூடத்தின் வடக்குச் சுவர் முழுவதும் ஜன்னல்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. நேர் வெயில் விழாத வடக்கு வெளிச்சத்தில்தான் நிறம் பார்க்க வேண்டும் என்பார். எங்கள் வீட்டில் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் சலித்துக்கொள்ளும் அளவுக்குச் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்.

காரில் இருப்பது எப்படிப்பட்ட தோல் என்று அன்று காலை அவர் எனக்குச் சொன்னதை என் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டின் உடம்பில் அதன் வாழ்க்கை முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. முள்வேலி கீறிய கோடுகள், உண்ணி கடித்த புள்ளிகள், நுகத்தடி அழுத்திய தழும்பு, சூடு போட்ட அடையாளம். அப்படியே பதனிட்டால் அத்தனையும் தோலில் நிற்கும். நல்ல தோல் கிடைத்தால் மேற்பரப்பை அப்படியே விட்டு மெல்லிய நிறம் மட்டும் ஏற்றுவார்கள். அதுவே விலை உயர்ந்தது. வடு நிறைந்த தோலாக இருந்தால் முதலில் மேற்பரப்பை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்து இழைத்துவிடுவார்கள். மயிர்க்கால்களின் துளைகள், அந்த மாட்டுக்கே உரிய ரேகைகள், தழும்புகள் எல்லாம் போய்விடும். முகமில்லாத அந்தத் தோலின்மேல் பிசினும் நிறமியும் கலந்த பூச்சு. அதன்மேல், சூடேற்றிய உலோகத் தகடோ உருளையோ கொண்டு பலமாக அழுத்தினால் புதிய முகம் பதியும். கூழாங்கல், அரிசி, மயிர்க்கால், முதலை, எது வேண்டுமானாலும். பிறகு மீண்டும் நிறம். கடைசியாக நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சு, இந்நாளில் பெரும்பாலும் பாலியூரித்தேன். கார் இருக்கையில் அமர்கிறவன் தோலைத் தொடுவதேயில்லை. அந்தக் கடைசிப் பூச்சைத்தான் தொடுகிறான்.

"அப்படின்னா இது ஏமாத்து வேலையாப்பா?"

"எது ஏமாத்து? வெயில்ல நிக்கிற வண்டிக்குப் பச்சைத் தோலாட்டம் மெத்துனு போட்டா ரெண்டு வருசம் தாங்குமா?" என்றார். தொழிலைக் குறை சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அவர் விரல் அந்தப் பரப்பில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தது. அதே கூழாங்கல் வரிசை சற்றுத் தள்ளி மறுபடி வருகிறதா என்று பார்க்கிறார். தகட்டில் அழுத்தியிருந்தால் ஒரு தகடும் அடுத்த தகடும் சேருமிடத்தில் ஒட்டுத் தெரியும். இதில் அது இல்லை, ஆகவே உருளை என்றார். பிறகு டாஷ்போர்டைத் தொட்டார். அது வெறும் பிளாஸ்டிக். ஆனால் அதிலும் கூழாங்கற்கள், ஓரத்தில் தைத்தது போன்ற தையல் வரிகூட. சிரித்துவிட்டார். பிளாஸ்டிக் தோலைப் பார்த்து நடிக்கிறது, தோலோ தான் வேறொரு தோல் என்று நடிக்கிறது. இருக்கையின் பக்கவாட்டையும் முதுகையும் தட்டிப் பார்த்து, இது ரெக்சின், உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோல் என்றும் அறிவித்தார். விற்றவர் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலையே மீதி இருக்கைகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். அவர் மேற்பார்வை, நான் கூலி. இந்தப் பகுதியை விரிவாக எழுதக் காரணம், இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி தவறாகவும் மீதி விற்பனையாகவும் இருக்கின்றன என்பதுதான்.

முதலில் சோதனை. கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு நீர். அது முத்தாக நின்றால் மேற்பூச்சு இருக்கிறது, பயமின்றி ஈரத்துணி வைக்கலாம். உறிஞ்சி, அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல். அதில் நம் கைவரிசை எதையும் காட்டக் கூடாது. எங்கள் சொட்டு நின்றது. பிறகு மென்மயிர் முனை மாட்டிய வேக்வம் கிளீனரால் உலர்ந்த தூசியை எடுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஈரத்துக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். பள்ளத்தில் கிடக்கும் மணல்துகள் நீரோடு சேர்ந்தால் அதுவே அராவும் குழம்பு.

அடுத்தது சோப்பு. துணிசோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது. துணிசோப்பு காரம். இன்று போட்டால் இன்றே ஒன்றும் ஆகாது. மாதாமாதம் போட்டால் பூச்சும் அதன் அடியில் இருப்பதும் மெல்ல விறைத்து வெடிக்கும். தோலுக்கென்றே விற்கும் கிளீனர் ஒன்றை வாங்கி வந்தேன். அதை இருக்கையில் தெளிக்கப் போனபோது கையைப் பிடித்தார். தெளிக்க வேண்டியது பிரஷ்ஷில். அதுவும் நுரையாக்கிய பிறகு. நீராக விட்டால் தையலுக்குள்ளும், சிறு துளைகள் இட்ட பகுதி இருந்தால் அத்துளைகளுக்குள்ளும் இறங்கி அடியிலிருக்கும் நுரைமெத்தை ஊறிவிடும். நுரை பள்ளத்தில் உட்காரும், ஓடாது. குதிரைமயிர் பிரஷ் கிடைக்காததால் பச்சைக் குழந்தைகளுக்கான பல்துலக்கி ஒன்றில்தான் வேலை நடந்தது.

"அழுத்தாத. நுனி போயி சொறியட்டும்."

ஒரு நேரத்தில் ஓர் உள்ளங்கை அளவுதான். வட்டமாக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. நுரை பழுப்பாகும்போதே, அது காய்வதற்குள், துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துத் துடைத்தால் மேட்டிலிருந்து கிளம்பிய அழுக்கு அடுத்த பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை. பிறகு நிழலில் காய வேண்டும். ஒரு இருக்கைக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று. நான்காவது துணியும் கறுத்த பிறகு, பின்னிருக்கையின் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக, தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. பளபளப்பு அடங்கி, மங்கிய மணல் நிறம் மேலே வந்தது. அப்பா கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காபி கேட்டார். அது நல்ல அறிகுறி.

கண்டிஷனர் விஷயத்தில்தான் தகராறு. கிளீனரோடு சேர்த்து அதையும் வாங்கியிருந்தேன். தோலுக்கு ஊட்டம் தரும், ஆழமாக ஊடுருவும், இழந்த எண்ணெயை மீட்கும் என்று குப்பியில் அச்சிட்டிருந்தது. அதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு, மேல தண்ணி ஊத்தினா செங்கல் குடிக்குமா?"

தோலுக்கு எண்ணெய் வேண்டும் என்பது உண்மை. பதனிட்ட தோலை அப்படியே காய விட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி மரப்பட்டையாகிவிடும். அதற்காகத்தான் டிரம்மில் நீரோடு கலந்த எண்ணெயைக் கொடுத்துச் சுழற்றி, நாருக்கு நார் போய்ச் சேரச் செய்கிறார்கள். அது ஈர நிலையில், பூச்சுக்கு முன்னால் நடப்பது. எங்கள் பகுதியிலும் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கங்களிலும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தில் இதையே கையால் செய்தார்கள். பட்டைச்சாற்றில் ஊறி, கடுக்காய்த் தண்ணீரில் முங்கி வந்த தோலுக்கு எண்ணெய் தேய்த்துக் காயவைப்பார்கள். குரோம் வந்து ஆவாரையை ஓரங்கட்டிவிட்டது. அந்தப் பழைய தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் கட்டத் தேடுகிறவர்கள்தான் இன்று அந்தச் செடியை நினைக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆக, பாலியூரித்தேன் பூச்சின்மேல் தடவும் கண்டிஷனர் உள்ளே போவதில்லை என்பது அப்பாவின் கட்சி. பிறகு ஏன் தடவ வேண்டும்? அதற்கும் அவரே பதில் சொன்னார், ஒரு நாள் யோசித்துவிட்டு. பூச்சு உராயாமல் வழுக்கும். நைந்த இடத்தில், வெடிப்பு விழுந்த இடத்தில் சிறிது உள்ளே போகும். வெயிலைத் தாங்கும் மருந்து சேர்த்திருந்தால் நிறம் மெதுவாகப் போகும். சென்னை மே மாத வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அதில் நிறமி வெளுப்பதும் பூச்சு விறைப்பதும் நடந்தே தீரும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை, துணியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, மேட்டில் மட்டும் படும்படி மெல்லிசாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பள்ளத்தில் தேங்கினால் அடுத்த தூசிக்கு அதுவே பசை. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், செருப்புப் பாலிஷ் எதுவும் கூடாது. எண்ணெய் சிக்குப் பிடிக்கும், நாறும், வெள்ளைச் சட்டையில் ஏறும். எங்கள் அத்தை மகன் ஒருவர் தன் காருக்குத் தேங்காயெண்ணெய் தடவி, மாமனாரின் வேட்டியோடு அதை அனுபவித்தார்.

குப்பியைத் திறந்தபோது வாசனை வந்தது. 'அசல் தோல் மணம்' என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். அப்பா முகர்ந்து பார்த்தார்.

"இதுவா தோலு வாசனை?"

இல்லைதான். புதிய காரின் தோல் மணம் என்று சொல்லப்படுவதில் தோலின் பங்கு குறைவு. டிரம்மில் ஏற்றிய எண்ணெய், பூச்சு, பசை, சில சமயம் வேண்டுமென்றே சேர்த்த நறுமணம் எல்லாம் கலந்தது அது. அசல் வாசனை எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம், உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோலின் நெடி. அப்பாவிடமிருந்து வந்தது அதுவும் அல்ல. அவர் மேல் தின்னர், லாக்கர், ஃபார்மலின் வாசனை. ஈரப்பக்கத்து வேலையாட்களுக்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கவனமாகப் பேணினார் என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது. ஆனால் பள்ளியில் அந்த வித்தியாசம் யாருக்கும் புரியவில்லை. ஷாப்புக்காரர் பையன். அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒன்பதாம் வகுப்பில் இடம் மாற்றிக் கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதே வருடம் விண்ணப்பப் படிவமொன்றில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'தனியார் நிறுவனம்' என்று எழுதினேன். அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுத்தான் போட்டார்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாதவை மூட வேண்டும். அப்பா வேலை பார்த்த ஷாப்பும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. வீட்டில் அரிசி கடனுக்கு வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்போதே வாயில் வைக்க முடியாத உப்பு. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த கதையை அம்மா சொல்வார், நான் பார்த்ததில்லை. குடிதண்ணீருக்குச் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு போவது என் வேலை. அப்படித் தண்ணீர் கொண்டுவந்து இறக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்பா தீர்ப்பைத் திட்டினார். எனக்கு அது அப்போது பெரிய முரணாகத் தெரிந்தது. மனதுக்குள் நீதிமன்றத்தின் பக்கம் இருந்தேன், ஆலை திறந்ததும் மகிழ்ந்தேன். 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட இருபத்தெட்டரை வருடம். செய்தித்தாளை அப்பாவுக்குப் படித்துக் காட்டியதாகத் தங்கை சொன்னாள். அவர் இம்முறை திட்டவில்லையாம்.

அந்த ஊரிலிருந்து வந்தவன் ஏன் தோல் இருக்கைக்காக ஒரு பழைய காரை வாங்கினான் என்று என் மனைவி ஒரு முறை கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் சரியாக இல்லை.

வெளுத்த திட்டை என்ன செய்வது? கார் அலங்காரக் கடையில் இருக்கைக்கு உறை போட்டுவிடலாம் என்றார்கள். அப்பா கேட்கவில்லை. நீரில் கரையும் தோல் நிறமிகள் சிறு குப்பிகளில் கிடைக்கின்றன. வெள்ளை, மஞ்சள், காவி, பழுப்பு, நீலம், கறுப்பு, கூடவே ஒரு மங்கல் மேற்பூச்சு. அவற்றை வரவழைத்தேன். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. ஸ்பிரிட் தொட்ட துணியால் திட்டைத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கச் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் அவரே செய்தார்.

தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் வெள்ளையை விட்டு, குச்சி நுனியில் பழுப்பு, பிறகு காவி, பிறகு மஞ்சள். கலப்பார், ஒரு வெள்ளைத் தாளில் தீற்றுவார், காய விடுவார், இருக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், ஆகவே அவசரப்படக் கூடாது. அவர் கை நடுங்கவில்லை. எழுபத்திரண்டு வயதில், மாத்திரைப் பட்டையைப் பிரிக்கத் திணறும் அந்த விரல்கள் குச்சியைப் பிடித்ததும் வேறொருவருடையவை ஆகிவிட்டன. சிறுவயதில் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். அவர் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுபடி ஒரு துளி மஞ்சள் விட்டார். தாளில் தீற்றிப் பார்த்தார். போதவில்லை என்று முனகிக்கொண்டு இன்னொரு துளி. எனக்கு அது முந்தைய தீற்றலிலேயே சரியாக இருந்ததாகத் தெரிந்தது. மூன்றாவது துளியில் நிறம் தெளிவாக மஞ்சளுக்குத் தாவிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. புரை விழுந்த கண்ணின் வில்லை பழுத்துப்போய், உலகத்தையே ஒரு மஞ்சள் கண்ணாடி வழியாகக் காட்டும் என்பதை நான் பிற்பாடு மருத்துவரிடம் கேட்டறிந்தேன். எல்லாமே மஞ்சளாகத் தெரியும் கண்ணுக்கு, ஒரு துளி மஞ்சள் கூடுவதும் குறைவதும் எப்படித் தெரியும்? விட விட மாற்றமில்லாதது போலவே இருந்திருக்கும்.

"எப்படி கீது?" தாளை இருக்கையோடு ஒட்டிப் பிடித்தபடி கேட்டார்.

"சரியா இருக்குப்பா."

சிறு ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றினார். தேய்க்கவில்லை, ஒற்றினார். மேட்டில் ஒரு பூச்சு, காய்ந்ததும் பள்ளத்தில் இறங்கும்படி இன்னொன்று, பிறகு விளிம்பு தெரியாமலிருக்க வெளிப்பக்கமாகத் தேய்ந்து மறையும் மூன்றாவது. கூழாங்கற்களின் வடிவம் சற்றும் மூடிப்போகவில்லை. மேற்பூச்சும் போட்டு முடித்தபோது கைவேலையாக அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறம் மட்டும் வேறு. அன்றிரவு மனைவியிடமும் மகளிடமும் தனியாகச் சொல்லிவைத்தேன். இருவரும் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தாத்தா, இருந்த இடமே தெரியவில்லை என்றார்கள். அவர் யாரும் பார்க்காதபோது தன் விரல்நுனியில் ஒட்டியிருந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் வலது கண். செப்டம்பர் இறுதியில் இடது. கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டின் வெள்ளைச் சுவர்களைப் பார்த்து, எப்போது நீலம் கலந்து அடித்தாய் என்று கேட்டார். வானத்தை, அம்மாவின் புகைப்படத்திலிருக்கும் சேலையை, காபியைக்கூட வியந்தார். எனக்கு அந்த வியப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. கார் கீழே நின்றுகொண்டிருந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வரும்போதெல்லாம் பின்கதவைத் திறந்துவிட்டு, என் பக்கத்துக் கதவு அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். பெரும்புதூரில் காபிக்கு நிறுத்தியபோது நான் முன்னால் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஓட்டுநர் கதவு திறந்திருந்தது. அப்பா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இம்முறை விரலால் தொடவில்லை.

"மஞ்சா தூக்கிடுச்சே" என்றார்.

நான் காசை எண்ணுவது போல் நின்றேன்.

"உனக்கு அன்னிக்கே தெரிஞ்சுதா?"

"லேசாத் தெரிஞ்சுதுப்பா."

"லேசா" என்று திருப்பிச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டார். வாலாஜா, வேலூர், ஆம்பூர் வரை பேச்சில்லை. தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாணியம்பாடிக்குள் திரும்பும்போது கேட்டார், அந்தக் குப்பிகளெல்லாம் வண்டியில் இருக்கின்றனவா என்று. இருந்தன. டிக்கியில், பழைய துணிகளோடு, அப்படியே கிடந்தன.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காரை வேப்பமரத்தடியிலிருந்து எடுத்து, ஓட்டுநர் கதவு வடக்கே பார்க்கும்படி நிறுத்தச் சொன்னார். பாட்டில் மூடியில் வெள்ளை, பழுப்பு, காவி. மஞ்சள் குப்பியைத் தொட்டுவிட்டு யோசித்தார், பிறகு குச்சி நுனியில் சிறிது. தீற்றினார். காயக் காத்திருந்தோம். தாளை இருக்கையோடு ஒட்டிப் பிடித்தார். எனக்கு வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்று முடிவு செய்யவே சற்று நேரமாயிற்று.

"இன்னும் ஒரு பொட்டு மஞ்சள் இருக்குப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நீலக் குப்பியைத் திறந்து, ஊசிமுனை அளவு தொட்டு, மூடிக்குள் இறக்கினார்.